நிழல் தின்ற வண்டும் நெஞ்சு தின்ற வண்டும்

தென்னையைத் திங்கறதுக்குன்னே பொறந்த வண்டு ரெண்டு ஜாதிங்க, ஒண்ணு கொம்பு வண்டு, இன்னொண்ணு கூன்வண்டு, ரெண்டும் ஒரே மரத்துக்குத்தான் வரும், ஆனா ஒண்ணு வர்ற வாசல் வேற, இன்னொண்ணு வர்ற வாசல் வேற, ஒண்ணோட சோறு வேற, இன்னொண்ணோட சோறு வேற, இதெல்லாம் எங்க செம்மேட்டுப்பதியில பால்குடி மறந்த புள்ளை கூடச் சொல்லிரும், வெளியூர்க்காரங்க நீங்க மட்டும் கொஞ்சம் காது குடுத்துக் கேட்டுக்கங்க.

கொம்பு வண்டு கன்னங்கரேல்னு கட்டைவிரல் தண்டி இருக்கும், மூக்கு மேல ஒத்தைக் கொம்பு. பொறக்கறது குப்பைக்குழியில. சாணியிலயும் மக்குன எருவுலயும் வெள்ளைப் புழுவாச் சுருண்டு கெடந்து வளந்து, றெக்கை மொளைச்சதும் நேரா மரத்து உச்சிக்குப் பறந்து போயி, இன்னும் விரியாத குருத்தைக் கொடைஞ்சு திங்கும், அந்தக் குருத்து பின்னால ஓலையா விரியறப்போ கத்திரிக்கோல்ல வெட்டுன காயிதமாட்டம் முக்கோணம் முக்கோணமா விரியும், அதைத்தான் விசிறி வெட்டுன்னு சொல்றது, பஸ்ஸுல போறவனுக்குக் கூடக் கண்ணுல படும். கூன்வண்டு அப்படி இல்லீங்க. அது துருப்புடிச்ச ஆணி நெறம், நீள மூக்கு, தலையைக் குனிஞ்சே வெச்சிருக்கும், பாத்தா அவ்வளவு அடக்கம். அதுக்குக் குப்பையும் வேண்டாம் குருத்தும் வேண்டாம், மரத்துல எங்காச்சும் ஒரு காயம் இருந்தாப் போதும், அந்தச் சாறு வாசத்துக்கு வந்து முட்டை வெச்சிரும், புழு மரத்துக்குள்ளயே பொறந்து உள்சோத்தைத் தின்னு, வெயில் மொகமே பாக்காம வளரும், மரம் பச்சைப் பசேல்னு நிக்கும், காய் காய்க்கும், ஒரு நாளைக்கு உச்சி பொசுக்குனு சாயும். உச்சி சாஞ்ச மரத்துக்கு மருந்து கெடையாது. முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி ஒண்ணுதான், மரத்தைக் கட்டிப் புடிச்சுக் காதை வெச்சா உள்ளுக்குள்ள கரக் கரக்னு கேக்கும்.

அப்படிக் கேக்கறதுல எங்க ஊர் மரமேறி மாசாணியை அடிச்சுக்க ஆளில்லை. இருபத்தஞ்சு வருசமா மரம் ஏறறவன், கால்ல தளைக்கயிறு மாட்டித்தான் ஏறுவான், மரத்துல படி வெட்டி ஏறற ஆளுகளைக் கண்டா அவனுக்கு ஆகாது. உன்ற காலுக்குச் சொகம் வேணும்னு மரத்துக்கு எதுக்குடா காயம் பண்றே, படி வெட்டுன மரத்துக்குக் கூன்வண்டு தாம்பூலம் வெச்சு அழைச்சாப்ல வரும்னு சண்டைக்கே போயிருவான். அவன் பொண்டாட்டி வஞ்சியம்மா, சிரிச்ச மொகம், யார் என்ன கேலி பண்ணுனாலும் கூடச் சேந்து சிரிக்கற பொம்பளை. நான் கண்ணாத்தா, தென்னோலையில கிடுகு பின்னறவ, அவங்க வீட்டுக்கு ஒத்தைச் செவுரு தள்ளிக் குடியிருக்கறவ. எனக்கு வாய் நீளம்னு ஊர்ல சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போறாங்க, அந்த வாய் இல்லாட்டி இந்தக் கதையை உங்களுக்கு யார் சொல்றது.

அந்த வருசம் ஐப்பசி மழை விட்ட ஒரு திங்கக்கெழமை காலையில, திருமூர்த்திப் பண்ணாடி பால் சொசைட்டி முன்னால நின்னு பேசிட்டு இருந்தாரு. தோப்புக்காரங்களை எங்க பக்கம் பண்ணாடின்னுதான் கூப்புடறது. இளவெயில்ல அவரு நெழல் ரோட்டு மேல நீளமா விழுந்திருந்துச்சு, அந்த நெழல்ல தோளுக்கு மேல முக்கோணம் முக்கோணமா வெட்டு. விசிறி வெட்டேதான், சந்தேகமே இல்லை. பால் ஊத்த வந்த அத்தனை பேரும் பாத்தோம், அவரும் குனிஞ்சு பாத்தாரு. கொம்பு வண்டு விழுந்திருக்குதுன்னு மரத்துக்கு விழுந்ததைச் சொல்றாப்ல சொல்லிட்டு, பாதியில விட்ட பேச்சைத் தொடந்தாரு. வண்டுக்கும் எத்தனை நாளைக்குத்தான் தென்னையே திங்கறது, சலிச்சுப் போயிருக்கும்னு எங்களுக்குள்ள பேசிக்கிட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போனோம்.

ஒரு வாரத்துக்குள்ள ஊர்ல பாதிப் பேரு நெழல் வெட்டுப் பட்டிருச்சு. ஆள் வாட்டசாட்டமா இருந்து, வீட்டுக்குப் பின்னால பொடக்காளியில குப்பைக்குழி ரொம்பி இருந்தாப் போதும், மறுநாள் காலையில வாசல் தெளிக்கறப்போ நெழல் கிழிஞ்சு கெடக்கும். தைச்சுக் குடுக்க முடியுமான்னு டைலர் கிட்டப் போயிக் கேட்டவங்களும் உண்டு, அவரு டேப்பு வெச்சு அளந்து பாத்துட்டு, காலையில ஒரு அளவும் மத்தியானம் ஒரு அளவுமா இருக்கற துணியை நான் எங்க போயித் தைக்கறதுன்னு திருப்பி அனுப்பிட்டாரு. பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டாரை உச்சி வெயில்ல வரச் சொன்னாங்க, அப்பத்தான் நெழல் காலடியில சுருண்டுக்கும், வெட்டுத் தெரியாது, மாப்பிள்ளை வீட்டாரு அதுக்கு மேல வெவரம், நாலு மணி தாண்டித்தான் வருவோம்னாங்க. வேளாண்மை ஆபீஸ் அம்மா ஸ்கூட்டியில வந்து பாத்து, குப்பைக்குழியைக் கெளறிப் புழுவைப் பொறுக்கச் சொல்லுச்சு, அதை நாங்க முந்துன நாளே பண்ணிட்டோம், புழு திங்க வந்த கோழிக வகுறு பெருத்து நடக்க முடியாமக் கெடந்துச்சு.

வைத்தியம் மாசாணிதான் பண்ணுனான். மரத்துக்குப் பண்றது எதுவோ அதேதான். வெயில்ல அசையாம நில்லுங்கன்னு சொல்லிட்டு, மண்ணுல விழுந்த நெழலோட கழுத்துப் பக்கம் குத்தவெச்சு உக்காந்து, குருத்துல வண்டு எடுக்கற கம்பிக் கொக்கியை நெழலுக்குள்ள மெதுவா விட்டு ஒரு சுண்டு சுண்டுவான், நிக்கறவங்களுக்குப் பின்னங்கழுத்துல எறும்பு கடிச்சாப்ல சுருக்குங்கும், கொக்கி முனையில வண்டு காலை ஒதறிட்டு வரும். அப்பறம் மணலும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஒரு கைப்புடி அந்த எடத்துல தூவி விடுவான். பதினஞ்சு நாள்ல புது ஓலை விடறாப்ல நெழல் முழுசா விரிஞ்சு வந்துரும். காலையில ஏழு மணிக்கு அவன் வீட்டு முன்னால ரேஷன் கடையாட்டம் வரிசை நின்னுச்சு, வஞ்சி வந்தவங்களுக்கெல்லாம் தண்ணி மோந்து குடுத்துட்டு நின்னா.

அவ நெழலுக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. முழு நெழல், கன்னங்கரேல்னு, கோலம் போட்டு வெச்சாப்ல ஓரமெல்லாம் சுத்தமா விழும். நெழல்னா வஞ்சி நெழலுன்னு பண்ணாடி வீட்டம்மாவே சொன்னாங்க. எங்க வஞ்சியைப் பாருங்க, கொடுத்து வெச்சவ, கவலை இல்லாத ஒடம்புன்னு நாலு பேரு கிட்ட நானும் பெருமை பீத்திக்கிட்டேன். மாசாணிக்கு வாயெல்லாம் பல்லு. மரத்தை வெச்சு வாழறவங்க நாங்க, உச்சி பச்சையா இருந்தா உள்ளே ஒண்ணும் இல்லைன்னு சட்டுனு நம்பக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரியாதா என்ன, தெரியும், ஆனா மரத்து விசயத்துல தெரிஞ்சது மனுசனுக்குன்னு வர்றப்போ மறந்து போச்சு.

கார்த்திகை பொறந்து மூணாம் நாள் கிட்டுசாமி சாஞ்சான். ரேஷன் கடையில எடை போடறவன், நெழல் வெட்டுப்பட்டு மாசாணி கையால சரியானவன். அரிசி அள்ளுன கையி அந்தரத்துலயே நின்னு போச்சு, தலை ஒரு பக்கமா லேசா மடங்கிருச்சு, கண்ணு தொறந்திருக்குது, பேச்சில்லை. வரிசையில நின்ன மாசாணி அவன் கிட்டப் போயி மொகத்தைப் பாத்தான், நெழலைப் பாத்தான், நெழல் நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் மரத்தைக் கட்டிப் புடிக்கறாப்ல கிட்டுசாமியைக் கட்டிப் புடிச்சு நெஞ்சுல காதை வெச்சான். கரக் கரக்னு கேக்குதுன்னான். கொம்பு வண்டு போட்ட ஓட்டையில கூன்வண்டு வந்திருக்குது, இது எப்பவும் நடக்கறதுதான்னு சொல்லிட்டு, அடுத்து என்ன பண்றதுன்னு தெரியாம காதை எடுக்காம அப்படியே நின்னான்.

அரை மணி நேரம் நின்னிருப்பான். கிட்டுசாமி பேச ஆரம்பிச்சான். பதினோரு வருசத்துக்கு முன்னால நடந்ததைப் பேசுனான். அன்னிக்கு வடக்குத் தோப்பு வழியா மொபெட்டுல வர்றப்போ ஒரு மரத்தடியில மாசாணியோட கயிறும் அருவாளும் ஒரு குட்டை ரத்தமும் கெடந்ததைப் பாத்தானாம், மேல பாத்தா ஆளில்லை. ஆள் விழுந்துட்டான், எடுத்துட்டுப் போயிருக்காங்க, அவ்வளவு ரத்தத்துக்கு உசுரு மிஞ்சியிருக்காதுன்னு அவனா முடிவு கட்டி, ஊருக்குள்ள வந்து மாசாணி போயிட்டான்னு சொல்லிட்டான். நெசத்துல மாசாணிக்குக் கால்ல அருவா பட்டுருந்துச்சு, யாரோ பைக்குல ஏத்தி ஆனைமலைக்குத் தையல் போடக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. இங்கே ஊரே திரண்டு வஞ்சி வீட்டு வாசல்ல உக்காந்து, அவளை நடுவுல உக்கார வெச்சு, ஒப்பாரி ஆரம்பிச்சிருச்சு. அவ தலையில ரெண்டு முழம் கனகாம்பரம் இருந்துச்சு, இனி எதுக்கு இதுன்னு அதை எடுத்தவ நாந்தான், எல்லாத்துலயும் முந்திக்கற கையி என்ற கையி. ஒரு மணி நேரம் கழிச்சு கால்ல கட்டோட மாசாணி பைக்குல வந்து எறங்குனான், கையில ஒரு போண்டாப் பொட்டலம்.

அந்தத் தப்புச் சேதியைச் சொன்ன வாயை நெனச்சு நெனச்சு எனக்குச் சோறு எறங்கலைன்னு கிட்டுசாமி அழுதான். அழுது முடிச்சதும் அவன் சட்டைக் கையிலிருந்து செவப்பா ஒரு கூன்வண்டு மெதுவா எறங்கி, தராசுத் தட்டுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் பறந்துருச்சு. கிட்டுசாமி கண்ணைத் தொடைச்சிட்டு மிச்ச அரிசியை அள்ளிப் போட்டான். மாசாணி பெருசா சிரிச்சு, அட இதுக்கா இத்தனை வருசம், எனக்கு இதுல கெடைச்ச கதை எத்தனை பெருசுன்னு சொல்லி, எப்பவும் சொல்ற அந்தக் கதையை மறுபடி ஆரம்பிச்சான், நான் போண்டா வாங்கிட்டு வந்து நிக்கறேன், இவ எனக்கு ஒப்பாரி வெச்சுட்டு உக்காந்திருக்கறா, போண்டாவைத் திங்கறதா, பொணமாப் படுக்கறதான்னு எனக்கே தெரியலைன்னு. கல்யாண வீடோ காதுகுத்தோ, எங்க ஊருக்கு வந்து இந்தக் கதையைக் கேக்காமப் போன சொந்தபந்தம், ஒறம்பரை கெடையாது. கடையே சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன், பையை மடிச்சுக் கையில வெச்சுட்டு வரிசையில நின்ன வஞ்சியும் சிரிச்சா.

அதுக்கப்பறம் எங்க ஊர்ல காது வெக்கற பழக்கம் வந்துச்சு. நெழல் வெட்டுப்பட்டவங்க எல்லாரும் நெஞ்சைக் காட்டியாகணும்னு ஆச்சு. கொம்பு வண்டை எடுக்கறதுக்கு வெயிலும் ஒரு கொக்கியும் போதும், கூன்வண்டுக்கு இன்னொரு ஆள் வேணும், அதுவும் கேக்கற வரைக்கும் வாயைத் தொறக்காத ஆளா வேணும், அந்த வேலைக்கு நான் சரிப்பட மாட்டேன்னு என்னை ஆரும் கூப்புடலை. கல்யாணமாகி முப்பது வருசத்துல பகல்ல பக்கத்துல உக்காராத புருசன் பொண்டாட்டி எல்லாம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து ஒருத்தர் நெஞ்சுல ஒருத்தர் தலை சாச்சுக் கெடந்தாங்க, தெருவுல போறவங்க பாத்தும் பாக்காத மாதிரி போனாங்க. பண்ணாடி தன் நெஞ்சை மாசாணி கிட்டத்தான் காட்டுவேன்னாரு. பண்ணாடிங்களைத் தொட்டுப் பழக்கமில்லாத மாசாணி தயங்கி நிக்க, வெயில் ஏறுது வெய்யி காதைன்னு சட்டைப் பட்டனைக் கழட்டுனாரு. வரப்பு மரத்துக்காகத் தம்பியோட பதிமூணு வருசம் பேசாம இருந்தது உள்ளே கெடந்துச்சு. மறுநாள் அண்ணனும் தம்பியும் அந்த மரத்தடியில ஒண்ணா உக்காந்து எளநி குடிச்சாங்க. மாசாணி ஊர்ல முக்கால்வாசிப் பேரு நெஞ்சைக் கேட்டான். வஞ்சி நெஞ்சை மட்டும் கேக்கலை. அவ நெழல்ல வெட்டே இல்லையே.

ஒரு வெள்ளிக்கெழமை காலையில, பத்து மணி இருக்கும், தெருக்குழாயில தண்ணி புடிச்சுட்டு இருந்தோம். வஞ்சியோட கொடம் ரொம்பி வழிஞ்சு போகுது, அவ எடுக்கலை. ஏ வஞ்சின்னு கூப்புட்டேன். தலை எடது தோள் பக்கம் மடங்கிருந்துச்சு, கண்ணு தொறந்திருக்குது, ஒதட்டுல அந்தச் சிரிப்பு அப்படியே இருக்குது. ஈர மண்ணுல அவ நெழலைப் பாத்தேன். முழு நெழல், அழகான நெழல், அதுல தலை நேரா நின்னுட்டு இருந்துச்சு.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், ரத்தம் எடுத்தாங்க, படம் எடுத்தாங்க, ஒடம்புல ஒண்ணும் கொறையில்லைன்னு மத்தியானமே அனுப்பிட்டாங்க. கட்டில்ல படுக்க வெச்சோம். மாசாணி அவ மொகத்தைப் பாத்துட்டு நின்னான். எத்தனை மரத்தைப் பாத்திருப்பான், அவனுக்குத் தெரியாததா. உச்சி சாஞ்சிருச்சேக்கான்னு என்னைப் பாத்துச் சொன்னப்போ அந்தக் குரல் அவன் குரலாட்டமே இல்லை. உச்சி சாஞ்ச மரத்தை அவன் இது வரைக்கும் பொழைக்க வெச்சதில்லை, வெட்டித் தள்ளித் தீ வெக்கத்தான் சொல்லுவான். மண்டி போட்டு உக்காந்து, பதினெட்டு வருசம் கூட வாழ்ந்தவ நெஞ்சுல மொத மொதலாக் காதை வெச்சான். பொழுது எறங்கற வரைக்கும் எடுக்கலை. மத்தவங்க எல்லாம் அரை மணி, ஒரு மணியில வாய் தொறந்தாங்க, இவ தொறக்கலை. அப்பறம் என்னைக் கூப்புட்டு, நீ கேட்டுப் பாருக்கான்னான்.

கேட்டேன். கரக் கரக்னு அரிக்கற சத்தம் முதல்ல. அதுக்கும் அடியில, பக்கத்து வீட்டு ரேடியோ சன்னமாக் கேக்கறாப்ல, ஒரு பொம்பளையோட ஒப்பாரி. காய் எறங்கி வந்திருச்சு, கயிறெறங்கி வந்திருச்சு, மட்டை எறங்கி வந்திருச்சு, என் மகராசா எறங்கி வரலியேன்னு, அந்த எடத்துல டக்குனு நிக்குது, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்குது. அது அன்னிக்கு வஞ்சி பாடுனது. அந்த அடியிலதான் பைக்கு வந்து நின்னுச்சு, எல்லாரும் சிரிச்சு எழுந்திரிச்சோம், அவ ஒப்பாரி முடிஞ்சுதா இல்லையான்னு ஆரு கேட்டோம். பதினோரு வருசமா அந்தப் பாட்டு அந்த அடியைத் தாண்ட முடியாம உள்ளேயே சுத்திட்டு இருந்திருக்குது. அவ தலையில அதுக்கப்பறம் பூவே பாத்ததில்லைங்கறதும் எனக்கு அப்பத்தான் ஒறைச்சுச்சு, கேட்டா பூ வெச்சாத் தலை வலிக்குதுக்கான்னு சிரிச்சிருவா, நானும் அதை நம்பிட்டு இருந்தேன்.

மாசாணி செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டான். ஆணியில தொங்குன தளைக்கயிறையே பாத்துட்டு இருந்தான். இவ நெழலைக் கொம்பு வண்டு தொடவே இல்லையே, அப்பறம் எந்த ஓட்டையில இது உள்ளே போச்சுன்னு அவனையே கேட்டுக்கிட்டான்.

"படி வெட்டுனது நாந்தானுக்கா," ன்னான். "ஒரு மரத்துல ஒரு படி வெட்டாதவன், இவ மேல எத்தனை படி வெட்டியிருக்கறேன். அந்தப் போண்டாக் கதையைச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் ஒரு படி. நீங்க அத்தனை பேரும் அதுல ஏறி எறங்குனீங்க."

கயிறுல இருந்து கண்ணை எடுக்காமயே, நாளைக்கு என்னைப் பொணமாப் படுக்க வெய்யிங்கன்னான்.

காலையில சேதி ஊர் முச்சூடும் பரவிருச்சு. பண்ணாடி வேட்டியைத் தூக்கிக் கட்டிட்டு வேகமா வந்து திட்டுனாரு, உசுரோட இருக்கறவனுக்குச் சாவுச் சாங்கியம் பண்ணா வெளையாட்டாப் போயிருமா, நாளைக்கு மரத்துல இருந்து விழுந்து தொலைச்சீன்னா இவளை ஆரு பாக்கறது, இவளும் பொழைக்காம நீயும் போயிருவேன்னு. அவரு சொன்னது எல்லாருக்கும் வகுத்துக்குள்ள இருந்த பயந்தான். மாசாணி கேட்டுட்டு, அவரு காலைத் தொட்டுக் கும்புட்டுட்டு, "பாதியில நிறுத்துன ஒப்பாரிங்க பண்ணாடி, முழுசாக் கேட்டுட்டு எந்திரிச்சுக்கறேன், கேக்க வேண்டியவன் நாந்தானுங்களே," ன்னான். அதைக் கேட்ட பண்ணாடி தன் தோள்ல இருந்த துண்டை எடுத்து வாசல்ல விரிச்சாரு.

மாசாணி குளிச்சு வெள்ளை வேட்டி கட்டிட்டு வந்து தெக்கே தலை வெச்சுப் படுத்தான். கால் கட்டைவிரல் ரெண்டையும் துணி கிழிச்சுக் கட்டுனவ நான், நெத்தியில காசு வெச்சதும் நான், அன்னிக்கு முந்திக்கிட்ட கையி இன்னிக்குப் பின்வாங்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுட்டுச் செஞ்சேன். கிட்டுசாமி மொபெட்டைத் தள்ளிட்டு வந்து, பதினோரு வருசத்துக்கு முன்னால சேதி சொல்லிட்டு நின்ன அதே வாசல் வேப்ப மரத்தடியில நின்னான். பொம்பளைங்க சுத்தி உக்காந்தோம். நாலு பேரு வஞ்சியைத் தாங்கிட்டு வந்து அவன் தலைமாட்டுல உக்கார வெச்சாங்க. நல்ல வெயில். எங்க நெழல் எல்லாம் எங்க மடியில கெடந்துச்சு.

அவ அவனைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. மடங்கிக் கெடந்த தலை, பாளை நிமுர்றாப்ல, கொஞ்சம் கொஞ்சமா நிமுந்துச்சு. ஒதட்டுல இருந்த அந்தச் சிரிப்பு அழிஞ்சுச்சு. வாயைத் தொறந்தா, பதினோரு வருசத்துக்கு முன்னால எந்த அடியில நின்னுச்சோ அதுக்கு அடுத்த அடியில ஆரம்பிச்சா.

எறங்கி வந்த மனுசனுக்கு
என்னை ஏறிட்டுப் பாக்க நேரமில்லே,
போண்டா வாங்கி வந்தவருக்கு
நான் செத்த சேதி தெரியலியே.

ஒரு பொம்பளை கூடச் சேந்து பாடலை, எங்களுக்கு அந்த அடி தெரியாது, அது அவ மட்டும் பாட வேண்டியது. அவ பாடுனா. காலையில அஞ்சு மணிக்கு ஆணியில இருந்து கயிறை எடுக்கற சத்தத்துல தன் உசுரு போறதைப் பாடுனா, தோப்புல காய் விழற சத்தத்தை அடுப்படியில இருந்தே எண்ணறதைப் பாடுனா, ரெண்டு காய்க்கு நடுவுல சத்தம் கொஞ்சம் நீண்டாச் சோறு கொதிக்கறதையும் மறந்து நிக்கறதைப் பாடுனா, சாயந்திரம் செருப்புச் சத்தம் கேட்டதும் உசுரு திரும்பி வர்றதையும், மறுநாள் அஞ்சு மணிக்கு மறுபடி போறதையும், தெனமும் ஒரு தடவை தாலி அறுந்து தெனமும் ஒரு தடவை தாலி கட்டிக்கறதையும் பாடுனா. ஊர் சிரிக்கறப்போ நானும் சிரிச்சேனே, சிரிச்சாத்தானே நீங்க உசுரோட இருக்கறீங்கன்னு அர்த்தம்னு பாடுனா. நாங்க அழுதோம். செத்த வீட்டுல அழுகற அழுகை இல்லைங்க, எங்க மூஞ்சியை எங்களுக்கே காட்டுனா வர்ற அழுகை. பண்ணாடி மொகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

நெழல் எங்க மடியை விட்டு எறங்கி நீள ஆரம்பிச்சப்போ பாட்டு முடிஞ்சுச்சு. அவ முந்தானை மடிப்புல இருந்து ஒரு கூன்வண்டு வெளிய வந்துச்சு, நான் பாத்ததுலயே பெருசு, பதினோரு வருசம் தின்னு வளந்தது. மூக்கை ஆட்டி ஆட்டி எறங்கி, மாசாணி நெத்தியில ஏறி, காசு மேல நின்னு, கண்ணு ரெப்பையைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, ஒதட்டு மேல நடந்து போச்சு. அவன் ஒரு ரோமம் அசைக்கலை. வண்டு அவன் கால் மாட்டுக்குப் போயி றெக்கையை விரிச்சு தோப்புப் பக்கம் பறந்துருச்சு.

மாசாணி எந்திரிக்கலை.

நாங்க பாத்துட்டே இருந்தோம். மூச்சு விடறானா இல்லையான்னு தெரியலை, வெள்ளை வேட்டி அசையலை. பண்ணாடி ஒரு அடி முன்னால வந்து நின்னுட்டாரு, கிட்டுசாமி மரத்தைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டான், பண்ணாடி சொன்னது பலிச்சிருச்சோன்னு கிட்டப் போயித் தொட்டுப் பாக்க ஒருத்தருக்கும் தெகிரியம் இல்லை. வஞ்சிதான் குனிஞ்சா. ஊர் முச்சூடும் பாத்துட்டு இருக்க, அவன் நெஞ்சுல தன் காதை வெச்சா. உள்ளே என்ன கேட்டுச்சோ, இன்னிக்கு வரைக்கும் அவ சொல்லலை, நானும் கேக்கலை, நான் கேக்காம விட்டது அது ஒண்ணுதான்.

"போதும் மாமா," ன்னா. "எந்திரீங்க."

அவன் கண்ணைத் தொறந்தான். தண்ணி ரெண்டு பக்கமும் வழிஞ்சு காதுக்குள்ள போச்சு. எந்திரிச்சு உக்காந்தான், கால் கட்டு இருந்ததால எந்திரிச்சு நிக்க முடியலை. நான் குனிஞ்சு கட்டை அவுத்து விட்டேன்.

அவுத்துட்டு நிமுந்தா, வஞ்சி என்னையே பாத்துட்டு இருக்கறா, கையை நீட்டி வெச்சிருக்கறா. அக்கா, என்ற பூவுன்னா.

எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. என் தலையில இருந்த அரை முழம் கனகாம்பரத்தை உருவி, அவ கொண்டையில வெச்சு விட்டேன். அவ கையை விட்டுத் தடவிப் பாத்தா, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் வெரலாலயே அளந்தா.

"எடுத்தது ரெண்டு முழமுங்க அக்கா," ன்னா. "மிச்சத்தை நாளைக்குக் கொண்டாங்க."